ஒன்பது தடவை வந்தவருக்கு நான்கு என்று ஏன் போட்டார்கள்?

கிளிநொச்சிப் பக்கம் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தால், கொட்டிலுக்குள் ஒரு மேசையைப் போட்டு ஸ்கோர் கொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். விளையாட எனக்குப் பெரிதாக வராது, எழுத வரும். பேஸ்போலை எங்கள் மைதானத்தில் நான் கண்டதில்லை. பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓடும் எங்கள் நாட்டு விளையாட்டான எல்லே தெரியும், பள்ளிக்கூடக் காலத்தில் ஓடியும் இருக்கிறேன். பேஸ்போல் எனக்கு வந்தது கைபேசி வழியாக, அதுவும் மருமகன் புண்ணியத்தில். அக்காவின் மகன் ரொறன்ரோவில் வளர்ந்தவன். அந்த ஊர் அணியான புளூ ஜேய்ஸ் என்றால் அவனுக்குச் சாப்பாடு தேவையில்லை.

2025 ஒக்ரோபரில் அந்த அணி உலகத் தொடருக்கு, அதாவது பருவத்தின் இறுதித் தொடருக்குப் போனது. 1992, 1993 இரண்டு ஆண்டும் வென்ற பிறகு அப்போதுதான் மறுபடி போகிறார்கள். எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே விடியப்புறம் ஐந்தரை. கடை திறக்க முன்னம் பார்த்து முடித்துவிடலாம் என்ற துணிவில்தான் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது ஆட்டம் அந்தத் துணிவைக் கெடுத்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது பதினெட்டு வரை இழுபட்டு, ஆறரை மணித்தியாலத்தையும் தாண்டி, இங்கே மதியத்தில்தான் முடிந்தது. டொட்ஜர்ஸ் 6, புளூ ஜேய்ஸ் 5.

அந்த ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி ஒன்பது தடவை அடிக்க வந்தார். ஒன்பது தடவையும் ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போனார். பேஸ் என்பது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடம், நான்கையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஆட்டம் முடிந்து அட்டவணையைப் பார்த்தால் அவர் பெயருக்கு நேரே ஏ.பி. (அட் பேட், அடிக்க வந்த தடவை) 4, ஹிட் 4 என்று கிடந்தது. ஸ்கோர் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மிச்சம் ஐந்து எங்கே?

மருமகனிடம் கேட்டேன். "மாமா, அந்த அஞ்சும் வோக். அதிலை நாலு தரம் மனேஜர் கையைக் காட்டி, நீ பேசாமல் போ எண்டு விட்டது. அவனுக்குப் பந்து போடப் பயம்" என்றான்.

எனக்குப் பேஸ்போல் கணக்கின் கதவு திறந்தது அந்த ஐந்தில்தான். கிரிக்கெட் பார்த்துப் பழகிய ஒருவர் இந்த எண்களைப் படிக்க வேண்டுமென்றால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: மேலே இருக்கும் எண்ணை விடுங்கள், எதனால் வகுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். மேலே இருப்பது எல்லோருக்கும் விளங்கும். விளையாட்டுக் காட்டுவது கீழே இருப்பது.

எங்கள் சராசரியையே எடுங்கள். எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். டொன் பிரட்மன் 80 இன்னிங்ஸ் ஆடினார், 10 இல் ஆட்டமிழக்கவில்லை. 6996 ஓட்டங்களை 70 ஆல் வகுத்ததில் வந்ததுதான் அந்த 99.94. ஆட்டமிழக்காத இன்னிங்ஸின் ஓட்டம் மேலே சேரும், கீழே ஒன்றும் சேராது. பிரட்மனில் இது யாருக்கும் உறுத்தாது. எங்கள் சுற்றுப்போட்டிகளில் உறுத்தும். ஏழாவதாக வந்து கடைசி ஓவரில் இரண்டு சுழற்றுச் சுழற்றி, ஆட்டமிழக்காமல் நிற்பவர் தொடர் முடியும்போது சராசரியில் முதலாவதாக நிற்பார். பிறகு கிண்ணம் யாருக்கு என்று சண்டை வரும், ஸ்கோர் எழுதியவனுக்கு ஏச்சு விழும்.

பேஸ்போல் சராசரி வேறு பிறவி. அங்கே கேள்வி, எத்தனை ஓட்டம் என்பதல்ல. அடிக்க வந்த தடவைகளில் எத்தனை தடவை நல்ல அடி அடித்துப் பேஸுக்குப் போனார் என்பதுதான். ஹிட்டை ஏ.பி.யால் வகுப்பார்கள். அந்த ஏ.பி.க்குள் எல்லாத் தடவையும் வராது. பந்துவீச்சாளர் அடிக்கும் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டால் அடிப்பவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வோக். அது ஏ.பி.யில் சேராது. உடம்பில் பந்து பட்டுப் போனால் சேராது. பேஸில் நிற்கும் தன் அணிக்காரரை முன்னேற்றுவதற்காகப் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் ஆட்டமிழந்தால், அதுவும் சேராது. வந்த தடவை எல்லாவற்றையும் எண்ணுவதற்கு பி.ஏ. என்று தனி நிரல் இருக்கிறது. ஓட்டானிக்கு அன்றைக்கு பி.ஏ. 9, ஏ.பி. 4.

வோக்கை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? பேஸ்போல் எண்களுக்கு ஆரம்பத்தில் வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர், கிரிக்கெட் எழுதியவர். வோக் என்பது பந்துவீச்சாளரின் பிழை, அடித்தவரின் சாதனை அல்ல என்பது அந்தக் காலத்து எண்ணம். எங்களில் வைட் போனால் உதிரியில் எழுதுகிறோமே, அதே மனம்தான். இடையில் 1887 இல் மட்டும் வோக்கையும் ஹிட் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லோருடைய சராசரியும் ஏறியதும் அடுத்த ஆண்டே கைவிட்டுவிட்டார்கள்.

எழுதும் முறை முதலில் கண்ணைக் குழப்பும். புள்ளியும் மூன்று இலக்கமும். .300 என்றால் பத்துக்கு மூன்று. மருமகன் அதை "முந்நூறு அடிக்கிறான்" என்பான், நான் ஏதோ மூன்று சதம் என்று நினைக்கக்கூடாது. பத்துக்கு மூன்று என்பது எங்கள் கண்ணுக்குத் தோல்விபோலத் தெரியும். ஆனால் உருண்டைத் துடுப்பால், 18.44 மீற்றர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தை, நிலத்தில் குத்தாமலே அடிக்க வேண்டும். அடித்தாலும் ஏழு எட்டுப் பேர் பிடிக்க நிற்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் அமெரிக்கப் பெரிய லீக் முழுவதற்கும் சேர்த்த சராசரி .240 இலிருந்து .250 க்குள்தான். .300 அடிப்பவர் நட்சத்திரம். .200 க்குக் கீழே போனால் இடம் நிலைக்காது.

.250 அடிப்பவருக்கும் .300 அடிப்பவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? 500 ஏ.பி.யில் 125 ஹிட்டும் 150 ஹிட்டும். ஆறு மாதப் பருவத்தில் 25 ஹிட். மாதத்துக்கு நான்கு. மைதானத்தில் உட்கார்ந்து ஒரு கிழமை பார்ப்பவரால் அதைப் பிரித்தறிய முடியாது. கண்ணால் கண்டேன், அவன்தான் நல்ல அடிகாரன் என்று எங்கள் கழகத்தில் அடித்துச் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். கேட்பார்கள் என்றில்லை.

ஹிட்டா இல்லையா என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. அடித்த பந்தைக் களத்தடுப்பாளர் சாதாரணமாகப் பிடித்திருக்கலாம், தவறவிட்டார், அடித்தவர் பேஸுக்குப் போய்விட்டார் என்றால் அது ஹிட் அல்ல. தடுப்பாளரின் பிழை என்று எழுதுவார்கள். அடித்தவருக்கு ஏ.பி. மட்டும் ஒன்று கூடும், அதாவது சராசரி குறையும். ஆட்டமிழந்ததுபோலத்தான் கணக்கு. இதைத் தீர்மானிப்பவர் நடுவர் அல்ல, அந்த ஆட்டத்துக்கான உத்தியோகபூர்வ ஸ்கோர் எழுதுபவர். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ள ஸ்கோர்காரர்! எங்கள் மேசைக்கு யாரும் தேத்தண்ணிகூட ஒழுங்காகக் கொண்டு வருவதில்லை.

சரி, சராசரியை விட்டு அடுத்ததற்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஓ.பி.பி. என்று போட்டிருக்கும். ஹிட், வோக், உடம்பில் பட்டது மூன்றையும் கூட்டி, ஏ.பி., வோக், உடம்பில் பட்டது, தியாக உயரடி நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தியாக உயரடி என்று நான் சொல்வது, உயர அடித்துப் பிடிபட்டாலும் மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து ஓட்டம் எடுத்துக்கொள்வதை. நீளமான சூத்திரம்தான், பொருள் சின்னது: வந்த தடவைகளில் எத்தனை தடவை ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போனார்? பேஸ்போலில் ஓவர் கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று ஆட்டமிழப்பு, மொத்தம் 27. அந்த 27 செலவாகும் வரை நீங்கள் ஆடலாம். இருபது ஓவர் ஆட்டத்தில் பந்துதான் கையிருப்பு என்றால், அங்கே ஆட்டமிழப்புத்தான் கையிருப்பு. அதைச் செலவழிக்காதவர் எப்படிப் போனால் என்ன, அடித்துப் போனால் என்ன, நடந்து போனால் என்ன?

2004 ஆம் ஆண்டை எடுத்துக் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இச்சிரோ சுசுகி அந்த ஆண்டு 704 ஏ.பி.யில் 262 ஹிட் அடித்தார். ஒரே பருவத்தில் அத்தனை ஹிட் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அடித்ததில்லை. சராசரி .372. அதே ஆண்டு பரி பொண்ட்ஸ் 373 ஏ.பி.யில் 135 ஹிட், சராசரி .362. சராசரியை மட்டும் பார்த்தால் இச்சிரோ ஒரு படி மேலே. பொண்ட்ஸின் வோக் நிரலைப் பாருங்கள்: 232. அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தது. ஓ.பி.பி. கணக்கிட்டால் இச்சிரோவுக்கு .414, பொண்ட்ஸுக்கு .609. பத்துத் தடவை வந்தால் ஆறு தடவை ஆட்டமிழக்காமல் போயிருக்கிறார். சராசரி என்ற நிரல் இந்த மனிதரின் பாதி வேலையை மறைத்து வைத்திருக்கிறது. பொண்ட்ஸ் மீது ஊக்கமருந்துப் பேச்சு பலமாக உண்டு, அதை மறந்து இதை எழுதவில்லை. எண் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ஓட்டானிக்குக் கொடுத்த வோக்கை மருமகன் பயம் என்றான். நான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். ஏழாவது இன்னிங்ஸில் அவர் ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர்போல எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்து 5–5 ஆக்கினார். அதன் பிறகு நடக்கவிட்ட எந்தத் தடவையும் டொட்ஜர்ஸுக்கு ஓட்டமாக மாறவில்லை. பதினெட்டாவதில் பிரெடி பிரீமன் அடித்த ஹோம் ரன்னில்தான் ஆட்டம் போனது. அதைச் சொன்னபோது அவன் பதில் அனுப்பவில்லை. தோற்ற நாளில் கணக்குப் பேசக்கூடாது என்பதும் ஒரு பாடம்தான்.

இந்த ஓ.பி.பி.யை நான் இங்கே கொண்டுவந்து பார்த்தது எல்லேயில். பெறாமகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். எல்லேயில் அடித்த பந்தைப் பிடித்தாலும் போச்சு, ஓடும்போது பந்தால் எறிந்து பட்டாலும் போச்சு. அவர்களுடைய பயிற்சி ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நிரல் மட்டும் போட்டேன்: எத்தனை தடவை அடிக்க வந்தாள், எத்தனை தடவை ஆட்டமிழக்காமல் தப்பினாள். தூர அடிக்கிறாள் என்று எல்லோரும் கை தட்டும் பிள்ளை உயர அடித்து உயர அடித்துப் பிடிகொடுத்திருந்தாள். யாரும் கவனிக்காத ஒரு பிள்ளை, தரையோடு தள்ளிவிட்டு ஓடுகிறவள், பட்டியலில் மேலே வந்தாள். ரீச்சரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இவளை முதல் அனுப்பிப் பாப்பம்" என்றார். பிறகு வென்றார்களா என்றால் வென்றார்கள். அது வரிசை மாற்றியதாலா, எதிரணி நோஞ்சானாக இருந்ததாலா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டே நிரல் போதும், யாரும் செய்யலாம்.

அடுத்தது எஸ்.எல்.ஜி. அடியின் வலிமைக்கு. ஒரு பேஸ் அடிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி ஏ.பி.யால் வகுப்பது. இதைச் சதவீதம் என்று நினைத்தால் குழம்பிப்போவீர்கள், இதன் உச்சம் 4.000. அன்றைய ஓட்டானிக்கு இரண்டு டபுள் (இரண்டு பேஸ் அடி), இரண்டு ஹோம் ரன்: 12 ஐ நான்கால் வகுக்க 3.000. இதையும் ஓ.பி.பி.யையும் கூட்டினால் ஓ.பி.எஸ். 2024 இல் ஓட்டானிக்கு .390 உம் .646 உம் சேர்ந்து 1.036. ஒருவரைப் பற்றி ஒரே ஒரு எண் பார்க்க நேரம் இருந்தால் அதைப் பார்க்கலாம், கெட்டிக்காரத்தனமான குறுக்கு வழி. ஆனால் வெவ்வேறு எண்ணால் வகுத்த இரண்டைக் கூட்டுவது எங்கள் கணித வாத்தியார் கண்டால் கொப்பியை எறிந்திருப்பார். அதுவும் ஓ.பி.பி.யில் ஒரு புள்ளி கூடுவது எஸ்.எல்.ஜி.யில் ஒரு புள்ளி கூடுவதைவிட அணிக்கு அதிகம் உதவும், இந்தக் கூட்டலோ இரண்டையும் சமமாக வைக்கிறது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதே என் பழக்கம்.

ஆர்.பி.ஐ. என்ற நிரலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. உங்கள் அடியால் எத்தனை பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள் என்பது. ஹாங்க் ஆரன் 2297 என்று உச்சத்தில் இருக்கிறார். பெரிய எண்தான், ஆனால் உங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றால்தானே நீங்கள் கொண்டுவர முடியும்? நல்ல மூன்று பேருக்குப் பின்னால் ஆடுகிறவருக்குச் சோறு தானாக வரும். இதற்குக் கீழே வகுக்க ஒன்றும் இல்லை என்பதே இதில் உள்ள குறை.

கீழே உள்ள எண் சின்னதாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் கழகத்துக்கு நேரடியாக உதவியது. அமெரிக்காவில் சராசரிப் பட்டத்துக்குத் தகுதி பெற, அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 பி.ஏ. வீதம் வேண்டும். 162 ஆட்டத்துக்கு 502. நாலு ஆட்டம் ஆடி .450 என்று நிற்பவர் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார். இதைக் கேள்விப்பட்ட பிறகுதான், ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி ஒன்றில் சிறந்த துடுப்பாட்ட வீரர் விருதுக்கு, அணி ஆடிய ஆட்டங்களில் பாதிக்காவது துடுப்பெடுத்தாடியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிப் போடச் சொன்னேன். முன்கூட்டி என்பது முக்கியம். இறுதியாட்டம் முடிந்த பிறகு விதி சொன்னால் அது விதி அல்ல, பக்கச்சார்பு என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்.

கீழ் எண்ணோடு விளையாடாமல் விட்ட ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். 1941 பருவத்தின் கடைசி நாள். டெட் வில்லியம்ஸ் 448 ஏ.பி.யில் 179 ஹிட்டோடு நிற்கிறார். வகுத்தால் .39955, முழுமையாக்கினால் .400. வெளியே உட்கார்ந்திருந்தால் .400 என்றே புத்தகத்தில் ஏறும். அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டிலும் ஆடினார், எட்டில் ஆறு ஹிட், 456 க்கு 185, .406. அதன் பிறகு இன்றைய பெரிய லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நஷனல் லீக்குகளில் ஒரு பருவம் முழுவதும் ஆடி .400 ஐத் தொட்டவர் இன்றுவரை இல்லை. சராசரியைக் காப்பாற்ற இறுதி லீக் ஆட்டத்தில் தசைப்பிடிப்பு வந்துவிடும் நம்மூர் ஆட்கள் சிலரின் பெயர் எனக்கு நினைவுக்கு வருகிறது. எழுதவில்லை.

கடைசியாக நான் பிடித்துக்கொண்டது ஓ.பி.எஸ். பிளஸ். லீக் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, ஆடிய மைதானம் அடிப்பவருக்குச் சாதகமா பாதகமா என்பதையும் கழித்துப் பார்ப்பது. கொலராடோ அணியின் டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீற்றர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்து தூரம் போகும். அங்கே அடித்ததையும் கடற்கரை ஊரில் அடித்ததையும் ஒன்றாக வைக்க முடியாது. எங்களுக்கு மலை இல்லை, ஆனால் மைதானம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் வீதிப் பக்கம் எல்லைக்கோடு கிட்ட, இன்னொன்றில் மழை பெய்தால் ஒரு பக்கம் பந்து ஓடாது. சூத்திரம் போடும் அளவுக்கு என்னிடம் தரவு இல்லை. அதனால் இப்போது ஒவ்வோர் ஆட்டத்தின் தலைப்பிலும் மைதானத்தின் பெயர், எந்தப் பக்க எல்லை கிட்ட, நிலம் ஈரமா காய்ந்ததா என்று ஒரு வரி எழுதுகிறேன். புதிதாக ஸ்கோர் எழுத வரும் பெடியளுக்கும் அந்த வரியை எழுதாமல் முதல் பந்தைப் பதியக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுதுகிறார்கள், முணுமுணுத்துக்கொண்டு.